தாம்பரத்து வானம் – 14: எந்த நாளில் திதி?

இறந்த நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் திதி கொடுப்பது நம் வழக்கம். உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து கொள்ளி வைப்பதும் உண்டு. கடலுக்கும் காட்டுக்கும் போர்க்களத்துக்கும் போனவர்களுக்காகக் காத்திருந்து களைத்த குடும்பங்கள்தான் இந்த வழிகளைக் கண்டிருக்க வேண்டும். 2016-ல் மகாளய அமாவாசை செப்டம்பர் கடைசியில் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு, செப்டம்பர் 15 அன்று, தாம்பரத்திலிருந்து கிளம்பிக் காணாமல் போன விமானத்தைத் தேடும் பணி நிறுத்தப்பட்டது. அதில் இருந்த 29 பேரும் இறந்துவிட்டதாகக் கருதப்படுவதாக அவரவர் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

அது ஏஎன்-32 வகை விமானம். எண் கே-2743. சூலூரைத் தளமாகக் கொண்ட 33-வது ஸ்குவாட்ரனைச் சேர்ந்தது. தாம்பரத்துக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிச் செல்லும் ‘கூரியர்’ அது. 2016 ஜூலை 22, வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்குப் புறப்பட்டது, 11.45-க்கு இறங்கியிருக்க வேண்டும். 9.12-க்கு ரேடார் கடைசியாகப் பார்த்தபோது, 23,000 அடி உயரத்தில் இருந்த விமானம் இடப்புறம் திரும்பி வேகமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே பணிக்குழுவினர் 6 பேர், விமானப் படையின் இன்னொரு 11 பேர், ராணுவத்தினர் 2 பேர், கடற்படையிலும் கடலோரக் காவல்படையிலும் தலா ஒருவர். மீதி 8 பேர் சீருடை அணியாதவர்கள். விசாகப்பட்டினம் கடற்படை ஆயுதக் கிடங்கின் ஊழியர்கள். விமானப் படையின் இழப்பு என்றே இதை எல்லோரும் பேசுகிறோம். வேலைக்காக ஒரு இருக்கையில் உட்கார்ந்து போன அந்த எட்டுப் பேரையும் அதே வரிசையில் வைத்துத்தான் நினைக்க வேண்டும்.

மறுநாளே பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் வந்து, தேடும் விமானத்தில் தானும் ஏறிப் பார்த்தார். கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் அலைந்தன. பருவமழைக்காலத்துக் கடல் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆபத்தில் செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை அனுப்பும் கருவி விமானத்தில் இருந்தது. ஆனால் ரேடியோ அலை கடல்நீரைத் துளைத்து வெளியே வராது. நீருக்கடியில் ஒலி எழுப்பி ‘இங்கே இருக்கிறேன்’ என்று சொல்லும் பீக்கன் வேறு வகை. அது இந்த விமானத்தில் இல்லை.

அந்தச் சின்னக் கருவி என்ன செய்யும் என்பதை ஓராண்டுக்கு முன்பே இதே கடலில் பார்த்திருந்தோம். 2015 ஜூன் 8 அன்று சென்னையிலிருந்து ரோந்து போன கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் மூன்று பேருடன் மறைந்தது. அதன் பீக்கன் ஒலியை சிந்துத்வஜ் நீர்மூழ்கிக் கப்பல் கேட்டது. ஜூலையில் ‘ஒலிம்பிக் கேன்யன்’ என்ற கப்பல் சுமார் 1,000 மீட்டர் ஆழத்திலிருந்து கருப்புப் பெட்டியை எடுத்தது. உடல் எச்சங்களும் மேலே வந்தன. ஐந்து வாரத்துக்குள் மூன்று வீடுகளும் காத்திருப்பதிலிருந்து அழுகைக்கு வந்து சேர்ந்தன. கொடுமைதான். ஆனாலும் 2016-ன் குடும்பங்களுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. கடல்மேல் பறக்கும் ஒவ்வொரு விமானத்திலும் அந்தப் பீக்கன் இருந்தாக வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஒருவரைப் பற்றி ஏழாண்டுகள் தகவலே இல்லை என்றால் இறந்தவராகக் கொள்ளலாம் என்றது அன்றிருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108-வது பிரிவு. ஒக்கி புயலில் திரும்பாத குமரி மாவட்ட மீனவர்களின் வீட்டுப் பெண்களும் 2017-ல் இந்த ஏழாண்டுக் கணக்கின் முன்னால்தான் வந்து நின்றார்கள். விமானப் படை அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. பென்ஷனுக்கும் நிவாரணத்துக்கும் அந்த அறிவிப்பு தேவை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘கருதப்படுகிறது’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு தாய் எப்படி மாலை போட்ட படத்தை மாட்டுவாள்? திதி கொடுப்பது ஜூலை 22-க்கா, செப்டம்பர் 15-க்கா?

கூடப் பறந்தவர்களின் துக்கம் இன்னொரு மாதிரி. மறுநாள் அதே ஓடுபாதையில் அதே வகை விமானத்தில் அவர்கள் ஏற வேண்டும். எங்கே விழுந்தது, ஏன் விழுந்தது என்பது அவர்களுக்கு நினைவஞ்சலியின் பகுதி மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினை. சென்ற வாரம் பார்த்த போர்க்காலத் தொண்டர் விமானிகளுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். ஃப்ளையிங் கிளப்பில் பிரியத்துக்காகப் பறந்தவர்கள், 1939-ல் தொண்டர் ரிசர்வ் படை தொடங்கியதும் கரையோர ரோந்துக்குப் போனார்கள். அந்தப் போரில் இறந்து, உடல் கிடைத்தவர்களில் 850-க்கும் மேற்பட்டோர் நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். தென்னாசிய, கிழக்காசியக் கடல்களில் மறைந்த காமன்வெல்த் விமானப் படையினரின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவுச் சுவர்களில் உள்ளன. கல்லறை இல்லாத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே வெட்டப்பட்டிருக்கின்றன. உடல் இல்லாவிட்டாலும் போய் நிற்க ஓர் இடம் வேண்டும் என்பதை அந்தத் தலைமுறை புரிந்துவைத்திருந்தது.

கே-2743-க்கு அந்த இடம் கிடைக்க ஏழரை ஆண்டுகள் ஆயின. கண்டுபிடித்தவர்கள் நம் பக்கத்து ஊர்க்காரர்கள். கேம்ப் ரோடு சந்திப்பிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம் என்று வேளச்சேரி சாலையிலேயே போனால் பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வரும். ஆழ்கடல் கனிமங்களைத் தேடுவதற்காக அவர்களிடம் ஆளில்லாமல் தானே நீந்தும் கலம் ஒன்று இருக்கிறது. அதை விமானம் மறைந்த பகுதியில் இறக்கினார்கள். 3,400 மீட்டர் ஆழத்தில், சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தொலைவில், அது சிதைவுகளைப் படமெடுத்தது. படங்கள் ஏஎன்-32-க்குப் பொருந்துகின்றன, அந்தப் பகுதியில் வேறெந்த விமானமும் காணாமல் போனதாகப் பதிவில்லை என்று 2024 ஜனவரி 12 அன்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. சட்டம் சொன்ன ஏழாண்டுகள் முந்தைய ஜூலையிலேயே முடிந்துவிட்டிருந்தன.

படம் ‘எங்கே’ என்பதைச் சொல்லிவிட்டது. ‘ஏன்’ என்பதற்குப் பதில் கருப்புப் பெட்டியில் இருக்கும். இத்தனை ஆழத்திலிருந்து எடுக்க முடியுமா என்று கேட்கலாம். 2009-ல் அட்லாண்டிக்கில் 228 பேருடன் விழுந்த ஏர் பிரான்ஸ் 447, 2011 ஏப்ரலில் சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த மாதமே பதிவுக் கருவிகள் மேலே வந்தன. விபத்தின் காரணம் தெரிந்து, விமானிகளுக்கான பயிற்சியே மாறியது. 104 உடல்களையும் எடுத்தார்கள். கடலிலேயே இருக்கட்டும் என்று சொன்ன குடும்பங்களும் அங்கே இருந்தன. ஆகவே இங்கேயும் முதலில் 29 வீடுகளையும் கேட்க வேண்டும். எடுக்க வேண்டும் என்று ஒரே ஒரு வீடு சொன்னாலும் முயன்று பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். பள்ளிக்கரணை நிறுவனத்திடம் ‘ரோசப் 6000’ என்ற இன்னொரு ஆழ்கடல் கலம் உண்டு. கப்பலிலிருந்து கேபிள் மூலம் இயக்குவது, இயந்திரக் கைகள் கொண்டது. 2010-லேயே அது 5,289 மீட்டர் ஆழம் வரை போய் வந்திருக்கிறது.

(தொடரும்)