கிளி ஏன் கடித்தது?

கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையின் கரைக்கு ஒரு காலத்தில் யானைகள் நீராட வரும். பாலத்தருகே நின்று வேடிக்கை பார்த்த சிறுவர்களுள் நானும் ஒருவன். "பாகன் மாறிய யானைக்கு அருகே போகாதே" என்று பெரியோர் எச்சரிப்பர். அந்த எச்சரிக்கை ஒரு கிளிக்கும் பொருந்தும் என்று நான் அறிவதற்கு அறுபது வயது கடக்க வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டிற்கு வந்தது ஓர் ஆபிரிக்கச் சாம்பற் கிளி. உடலெல்லாம் சாம்பல் நிறம். வால் மட்டும் செக்கச் சிவந்திருக்கும். அதனை வளர்த்த முதியவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். பன்னிரண்டு ஆண்டுகள் ஒருவர் தோளிலேயே வாழ்ந்த பறவை, ஓராண்டிற்குள் இரண்டு வீடுகள் மாறி, மூன்றாவதாக எம்மை வந்தடைந்தது. மார்பில் இறகில்லை, தானே பிடுங்கியெறிந்திருந்தது. இரவில் விளக்கை அணைத்ததும் கூட்டிலிருந்து ஒரு கிழவரின் இருமல் கேட்கும்.

மூன்றாம் நாள் என் பேத்தியின் விரலைக் குருதி வரக் கடித்தது.

"என்னங்க, இதை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். பிள்ளையின் கண்ணைக் கொத்தினால் என்ன செய்வது?" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய பறவை இது. நான்காவது வீட்டிற்குப் பின் ஐந்தாவது, ஆறாவது என்று அது எங்கே போய் முடியும்?

அயலவர் யோசனைகளுக்குக் குறைவில்லை. அலகில் தட்டுங்கள் என்றார் ஒருவர். துணியால் மூடிப் பிடியுங்கள் என்றார் இன்னொருவர். நான் தோற் கையுறை அணிந்து கையை உள்ளே நீட்டினேன். அந்த மடமையை இன்றும் நினைத்து வருந்துகிறேன். அதன் பின்னர் வெறுங்கையைக் கண்டாலே கிளி சிறகடித்துக் கூட்டின் அடியில் விழுந்தது.

இறகு பிடுங்கும் கிளியை முதலில் மருத்துவரிடம் காட்டவேண்டும். உடல் நோயும் அதற்குக் காரணமாகலாம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடம் அண்மையில் இருப்பது நம் ஊராருக்கு வாய்த்த பேறு. நோயில்லை என்று தெளிந்த பின்னரே மனத்தின் பக்கம் திரும்பலாம்.

நாய் மனிதனோடு பல்லாயிரம் ஆண்டுகள் பழகியது. கிளிக்கு அந்தப் பழக்கம் இல்லை. கூட்டிற் பிறந்த கிளியும் உள்ளத்தால் காட்டுப் பறவையே. பிற உயிர்களுக்கு இரையாகும் இனம். தலைக்கு மேலாக வரும் கை அதற்குப் பருந்தாகத் தோன்றினால் அதில் வியப்பென்ன? கடிக்கு முன்னர் அது எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்க்கிறது. உடலைப் பின்னே சாய்க்கிறது. இறகுகளை இறுக்கிக்கொள்கிறது, அல்லது சிலிர்க்கிறது. கண்மணி சுருங்கி விரிகிறது. சாம்பற் கிளியாயின் நாயைப் போல உறுமவும் செய்கிறது. இவற்றை எவரும் பொருட்படுத்தாதபோது எஞ்சியிருப்பது அலகு ஒன்றே. ஒருமுறை கடித்ததும் கை விலகிவிட்டால், மறுமுறை முன்னறிவிப்பு ஏதுமின்றியே கடிக்கவும் கற்றுக்கொள்கிறது.

அமெரிக்க ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பேர்க் 1977 ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் ஒரு கடையில் வாங்கிய அலெக்ஸ் என்னும் சாம்பற் கிளியைப் பலரும் அறிவர். 2007 இல் இறக்கும்வரை அது நிறமும் வடிவமும் எண்ணிக்கையும் கூறி உலகை வியக்கவைத்தது. என்னைக் கவர்ந்தது வேறொன்று. பயிற்சி சலித்தால், "திரும்பிப் போகவேண்டும்" என்ற பொருளில் ஆங்கிலத்திலேயே கேட்குமாம்; "வேண்டாம்" என்றும் சொல்லுமாம். எங்கள் கிளிக்கு அந்தச் சொற்கள் தெரியாது. ஆகவே அதன் உடல் சொல்லும் "வேண்டாம்" என்பதை நாங்கள்தான் படிக்க வேண்டியிருந்தது.

கூட்டை யன்னலருகிலிருந்து எடுத்து, ஒரு பக்கம் சுவரோடு அணையும்படி வைத்தோம். இரவில் பத்து மணி நேரமேனும் இருளும் அமைதியும் கிடைக்கச் செய்தோம். நான் எட்டடி தூரத்தில் கதிரையைப் போட்டுப் பத்திரிகை வாசித்தேன். கிளி இறகை இறுக்கினால் கதிரை பின்னே போகும். தளர்த்தினால் மறுநாள் ஓரடி முன்னே வரும். அதற்கு மிகப் பிரியமான சூரியகாந்தி விதையை உணவுக் கிண்ணத்திலிருந்து நீக்கினேன். கூட்டருகே போகும்போது ஒன்றைப் போட்டுவிட்டு விலகிவிடுவேன். பின்னர் ஒரு மூங்கிற் குச்சி. அதன் நுனியை அலகால் தொட்டால் ஒரு விதை. சிறு சிறு படிகளாக ஒரு செயலைப் பழக்கும் இம்முறையை 1940களில் ஸ்கின்னர் என்னும் உளவியலாளர் புறாக்களிடம் கையாண்டு காட்டினார். கம்பிக்கு அப்பாலிருந்து குச்சியைத் தொடவே எங்களுக்கு ஏழு வாரங்கள் சென்றன. இடையில் யாரோ கதவை அறைந்து சாத்த, இரண்டு வாரப் பலன் ஒரு நொடியிற் போயிற்று.

கையில் ஏற்றுவதைப் பற்றி நான் இன்னும் நினைக்கவில்லை. சென்ற ஞாயிறன்று பேத்தி குச்சியை நீட்டினாள். கிளி வந்து தொட்டது, விதையைப் பெற்றது, இரண்டாம் முறை முகத்தைத் திருப்பிக்கொண்டது. "தாத்தா, இன்றைக்குப் போதுமாம்" என்று கூறி அவள் பின்னே நகர்ந்தாள்.

மார்பில் சாம்பல் நிறப் பூமயிர் அரும்பத் தொடங்கியிருக்கிறது. இரவில் அந்த இருமல் மட்டும் இன்னும் கேட்கிறது. அதனை மறக்கடிக்க நாங்கள் முயலவில்லை.