மலையில் மெல்ல ஏறுக

லடாக்கிலுள்ள லே நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. தில்லியில் வானூர்தி ஏறுவோர் ஒன்றரை மணி நேரத்தில் அங்கே இறங்கிவிடுவர். மலையேற்றம், சன்ஸ்கார் ஆற்றில் மிதவைப் பயணம், கர்துங் லாவிலிருந்து மிதிவண்டியில் இறங்குதல் (லா என்றால் கணவாய்) என ஆவலோடு வரும் இவர்கள் முதலில் செய்யவேண்டியது ஓய்வெடுப்பதே.

சமவெளியில் வாங்கிய உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் லேயில் பந்துபோல் உப்பியிருக்கும். உள்ளே இருக்கும் காற்று கூடவில்லை. வெளியே அழுத்தம் குறைந்துவிட்டது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கும் 21 விழுக்காடுதான். ஆயினும் அழுத்தம் குறைவதால், கடற்கரையில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே லேயில் கிடைக்கிறது. இதற்கு உடல் பழகச் சில நாள்கள் ஆகும்.

பழகுமுன் விரைந்து ஏறினால் தலைவலியும் குமட்டலும் தோன்றும். அப்போது மேலே செல்லலாகாது. நடை தள்ளாடினாலோ, ஓய்விலும் மூச்சுத் திணறினாலோ உடனே கீழே இறங்கவேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. ஓடியாடி விளையாடும் வலிமையான இளைஞரையும் இந்நோய் விடுவதில்லை. நண்பர்கள் நகைப்பார்களோ என்று தலைவலியை மறைப்பவரின் நிலைதான் மிகவும் அஞ்சத்தக்கது.

தேர்ந்த மலையேறிகள் 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்துவர். பகலில் அதைவிட உயரம் ஏறினாலும், இரவில் தாழ்வான முகாமுக்குத் திரும்பிவிடுவர்.