"அக்கா, உங்க ரூம்ல நாங்களும் தங்கிக்கலாமா?" - காமிக் கான் போகும் டீன் ஏஜ் பிள்ளைகளும் ஒரு ஹோட்டல் அறையும்!

"அக்கா, சென்னை காமிக் கானுக்கு நாங்க மூணு பேரும் வர்றோம். உங்க ரூம்லயே தங்கிக்கலாமா? காசு ஷேர் பண்ணிக்கிறோம்!"

அனிமே ரசிகர்களின் வாட்ஸ்அப், டிஸ்கார்டு குழுக்களில் இருப்பவர்களுக்கு இப்படியொரு மெசேஜ் புதிதாக இருக்காது. அனுப்புவது, மதுரையில் ப்ளஸ் ஒன் படிக்கும் 16 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். பதில் சொல்ல வேண்டியவர், கோவையில் ஐ.டி வேலையில் இருக்கும் 23 வயது அக்கா. இரண்டு வருடங்களாக ஒரே தொடரைப் பார்த்து, ஒரே ஜோக்குக்குச் சிரித்தவர்கள். ஆனால், ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை.

அறை வாடகை 4,000 ரூபாய் என்றால் நான்கு பேருக்கு ஆளுக்கு 1,000. கணக்கு ரொம்ப எளிது. ஆனால், அந்த அக்கா டைப் செய்யப்போகும் 'ஓகே'வில் பணக் கணக்கு மட்டும் இல்லை. மூன்று பிள்ளைகளின் பாதுகாப்பும், அந்த அக்காவின் எதிர்காலமும் இருக்கிறது.

எங்கிருந்து வந்தது இந்தப் பழக்கம்?

காமிக்ஸ், அனிமே, சூப்பர் ஹீரோ ரசிகர்கள் கூடும் திருவிழாவைத்தான் 'கன்வென்ஷன்' என்கிறார்கள். அமெரிக்காவின் சான் டியேகோவில் 1970-ல் தொடங்கிய காமிக் கானுக்கு இப்போது 1,30,000-க்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள். அட்லாண்டாவில் 1987-ல் தொடங்கிய டிராகன் கான், நகரின் பெரிய பெரிய ஹோட்டல்களிலேயே நடக்கிறது. அறை கிடைப்பது கடினம், வாடகையும் அதிகம் என்பதால், ஒரே அறையில் நான்கைந்து பேர் நெருக்கியடித்துத் தங்குவது அங்குள்ள ரசிகர்களிடம் சகஜமாகிவிட்டது.

இந்தியாவில் முதல் காமிக் கான் 2011-ல் டெல்லியில் நடந்தது. பிறகு பெங்களூருக்கு வந்தது. 2024 பிப்ரவரியில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கும் வந்துவிட்டது. ஃபோம் ஷீட்டை வெட்டி, க்ளூ கன்னால் ஒட்டி, மாதக்கணக்கில் கவச உடை தயாரிக்கும் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அது ஒரு கனவு நாள். அந்தப் பெரிய மூட்டையோடு வந்து இறங்கினால், உடை மாற்ற, குளிக்க, படுக்க ஓர் இடம் வேண்டுமே! அறையைப் பங்குபோடும் பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 18 வயது நிரம்பாத எல்லோரும் சட்டத்தின் பார்வையில் குழந்தைகள்தான். ஆணா, பெண்ணா என்ற வேறுபாடு இல்லை. பெற்றோர் சம்மதத்தோடு தெரிந்த ஒருவருடன் ஒரே அறையில் தங்குவது குற்றமல்ல. சிக்கல் தொடங்குவது அந்தச் சம்மதம் இல்லாதபோதுதான்.

பெற்றோரின் சம்மதம் இல்லாமல் 18 வயதுக்கு உட்பட்டவரை அவர்களின் பாதுகாப்பிலிருந்து அழைத்துச் செல்வது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 137-வது பிரிவின்படி கடத்தல். ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். 'அவளாத்தான் வந்தா, நான் கூப்பிடலை' என்ற விளக்கத்தோடு காவல் நிலையத்தில் நிற்கும் நிலை, உதவி செய்ய நினைத்த அக்காவுக்கும் வரலாம்.

அறையில் யாராவது மது பாட்டிலைத் திறந்து பிள்ளைகளுக்கும் நீட்டினால் அது இன்னொரு குற்றம். குழந்தைக்கு மதுவோ புகையிலையோ கொடுத்தால் சிறார் நீதிச் சட்டப்படி ஏழு ஆண்டுகள் வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பாலியல் அத்துமீறல் என்றால் போக்சோ சட்டம். அங்கே '16 வயதுப் பிள்ளையே சம்மதித்தது' என்ற பேச்சுக்கே இடமில்லை. குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பவரும் தண்டிக்கப்படலாம்.

தவிர, ஹோட்டல் வரவேற்பறையில் தங்கும் ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் கேட்பார்கள். பெற்றோர் இல்லாமல் வரும் மைனர்களுக்குப் பல ஹோட்டல்கள் அறை தருவதில்லை. இரண்டு பேருக்கு புக் செய்த அறையில் நான்கு பேர் போய் நின்றால், ராத்திரி நேரத்தில் மூட்டையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

அறைக்குள் மூத்தவர் யார்?

சட்டத்தை விடுங்கள். நள்ளிரவில் ஒரு பிள்ளைக்கு ஆஸ்துமா வந்தால் இன்ஹேலர் எந்தப் பையில் இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியுமா? யாருக்கு எந்த மாத்திரை அலர்ஜி? 'வெளிய போய் பிரியாணி சாப்பிட்டு வர்றோம்' என்று கிளம்பியவர்கள் 11 மணியாகியும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை என்றால் யாருக்குத் தகவல் சொல்வது?

அறைக்குள் இருப்பவர்களில் வயதில் மூத்தவர் ஒருவர்தான் என்றால், அன்றிரவு பிள்ளைகளுக்குப் பொறுப்பு அவர்தான். கொண்டாட வந்த இடத்தில் காவல் காக்க மனமில்லை என்றால், 'ஸாரிடா, முடியாது. ஹால்ல மீட் பண்ணலாம்' என்று சொல்லிவிடுவதே நல்லது. அதில் குற்ற உணர்வு தேவையில்லை.

'சரி' என்று சொல்ல நினைப்பவர்கள், 'அம்மா ஓகே சொல்லிட்டாங்க' என்ற மெசேஜை மட்டும் நம்பக் கூடாது. அம்மாவிடமோ அப்பாவிடமோ நேரடியாகப் பேச வேண்டும். எங்கே, எத்தனை நாள், அறையில் இன்னும் யார் யார் என்பதைச் சொல்லி, சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளோடு தங்க வேண்டிய நிலைமை பற்றி ஹோட்டலுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 'வீட்ல சொல்ல வேணாம்க்கா' என்று ஒரு பிள்ளை சொன்னால், பேச்சு அங்கேயே முடிந்தது.

பெற்றோர் கவனத்துக்கு...

'அதெல்லாம் ஒண்ணும் வேணாம், படிக்கிற வேலையைப் பாரு' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது சுலபம். ஆனால், அந்த ஆசை அதோடு அடங்காது. ஃப்ரெண்டு வீட்டில் கம்பைன் ஸ்டடி என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பும் பிள்ளை, ஆபத்து வந்தாலும் வீட்டுக்கு போன் செய்யப் பயப்படும். உண்மையான ஆபத்து அதுதான்.

பெற்றோரில் ஒருவர் கூடவே போய்வருவதுதான் முதல் வழி. விழா காலையில் தொடங்கி இரவுக்குள் முடிந்துவிடும். இரவு ரயிலில் போய், விழா முடிந்ததும் இரவு ரயிலிலேயே திரும்பினால் ஹோட்டலே தேவைப்படாது. சென்னையில் சித்தி, மாமா வீடு இருந்தால் அதைவிட நல்லது. நண்பர்களின் பெற்றோர் இரண்டு பேர் சேர்ந்து, பிள்ளைகளுக்கு ஓர் அறை, அடுத்த அறையில் பெரியவர்கள் என்று ஏற்பாடு செய்யலாம்.

இது எதுவுமே முடியாமல், அந்த 'ஆன்லைன் அக்கா'வோடுதான் அனுப்ப வேண்டும் என்றால், முதலில் அவரோடு வீடியோ காலில் பேசுங்கள். முடிந்தால் நேரில் சந்தியுங்கள். உங்கள் கேள்விகளுக்கு முகம் சுளிப்பவரோடு பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியது இவைதான். உடை மாற்றும்போது கதவைத் தாழிட்டுக்கொள். அறைக்குள் யாரையும் போட்டோ எடுக்க விடாதே. தனியாகக் கிளம்பி வரும் அளவுக்குப் பணமும் சார்ஜ் உள்ள போனும் உன்னிடம் இருக்கட்டும். சங்கடமாகத் தோன்றினால், காரணம் சொல்லிக்கொண்டிருக்காமல் வெளியே வந்துவிடு. குழந்தைகளுக்கான 1098, அவசர உதவிக்கான 112, இந்த இரண்டு எண்களும் போனில் இருக்கட்டும்.

இவற்றோடு இன்னொன்றையும் சொல்லி அனுப்புங்கள். "எந்த நேரமா இருந்தாலும் போன் பண்ணு. திட்ட மாட்டேன். வந்து கூட்டிட்டுப் போறேன்."

இந்த வார்த்தையை நம்பும் பிள்ளை, ராத்திரி இரண்டு மணியானாலும் தயங்காமல் வீட்டுக்கு போன் செய்யும்!