கடாவின் நீரடைப்பு

வாய்பேசாச் சீவன்களுக்கு வரும் நோய்களுட் சில பட்டினியாலும் கவனிப்பின்மையாலும் வருவன. வேறு சிலவோ அளவு மீறிய பரிவினால் வருவன. செம்மறிக் கடாக்களுக்கு உண்டாகும் சிறுநீர்க்கல் நோய் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. வெளியில் மந்தையோடு மேய்ந்து திரியும் ஆட்டைக் காட்டிலும், வளவிலே கட்டித் தவிடும் தானியமும் ஊட்டி வளர்க்கப்படும் கடாவே இந்நோய்க்கு அதிகமாக ஆளாகின்றது.

ஏழைக் குடும்பம் ஒன்றுக்குக் கடா வெறும் விலங்கன்று. அவசர வேளைக்கு உதவும் கையிருப்பு. நேற்று வரை கொழுத்து நின்ற அக்கடா இரண்டே நாளில் மாண்டு விழுந்தால், ஓராண்டு உழைப்பு மண்ணாகின்றது. நோயின் இயல்பை அறிந்தவர்க்கோ இவ்விழப்பைப் பெரும்பாலும் தவிர்த்துக்கொள்ளுதல் கூடும்.

ஆண் ஆட்டின் சிறுநீர்க் குழாய் நீண்டது, ஒடுங்கியது. இடையிலே பாம்பு நெளிவதுபோல வளைந்து சென்று, இறுதியில் புழுப்போன்ற மெல்லிய நுனியாக முடிகின்றது. மணல்போன்ற சிறு கற்கள் அவ்வளைவிலோ அந்நுனியிலோ சிக்கிக்கொள்கின்றன. பெண்ணாகிய மறிக்கும் கல் உண்டாகலாம். ஆயினும் அதன் குழாய் குறுகிய நீளமும் விரிந்த வாயும் உடையதாதலால் அடைப்பு நேர்வது அரிது. மிக இளமையில் நலமடிக்கப்பட்ட கடாவிற் குழாய் முழு வளர்ச்சி பெறுவதில்லை. ஆகவே அதற்கே அபாயம் மிகுதி.

கல் எவ்வாறு பிறக்கின்றது? தவிட்டிலும் தானியத்திலும் பொசுபரசு மிகுதி; கல்சியம் மிகக் குறைவு. அரிசித் தவிட்டிலோ கல்சியத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேற்பட்ட பொசுபரசு உண்டு. ஆடு குழையும் புல்லும் தின்று நன்றாக அசைபோடும்போது உமிழ்நீர் பெருகுகின்றது. மிகையான பொசுபரசு அவ்வுமிழ்நீர் வழியாகக் குடலை அடைந்து, எருவோடு வெளியேறுகின்றது. தவிட்டைத் தின்பதற்கு அசைபோட வேண்டியது சிறிதே. அப்போது பொசுபரசு சிறுநீரின் வழியை நாடுகின்றது. அங்கே மகனீசியத்தோடும் அமோனியத்தோடும் கூடிப் பொசுபேற்றுக் கல்லாக உறைகின்றது. குடிநீரும் குறைந்தால் சிறுநீர் தடித்துக் கல் விளைவது இன்னும் எளிதாகின்றது.

நோயுற்ற கடா முதுகை வளைத்தும் கால்களை அகற்றியும் நின்று முக்கும்; வாலை அடிக்கடி ஆட்டும்; பல்லைக் கடிக்கும்; தீனை வெறுக்கும். சிறுநீர் துளித்துளியாக வரும். சிலவேளை இரத்தமும் கலந்திருக்கும். குறியைச் சூழ்ந்த மயிரில் மணற்பருக்கை ஒட்டியிருப்பதும் உண்டு. இங்கேதான் பலரும் தவறுகின்றனர். முக்குவதைக் கண்டு மலச்சிக்கல் என்றெண்ணி எண்ணெய் பருக்கிக் காத்திருக்கின்றனர். அக்காத்திருப்பிலே கடாவின் உயிர் கழிந்துவிடுகின்றது. முற்றாக அடைபட்டால், ஒன்றிரண்டு நாளில் நீர்ப்பை வெடிக்கக்கூடும். வெடித்ததும் நோவு தணிந்து ஆடு அமைதியாக நிற்கும். அது சுகமன்று. சிறுநீர் வயிற்றினுட் பரவ, வயிறு வீங்கி ஆடு இறக்கும்.

ஆகவே, கடா முக்குகின்றதா? அது சிறுநீர் கழிக்கின்றதா என்பதையே முதலிற் கவனித்தல் வேண்டும். கழிக்கவில்லையெனின் அன்றே மிருக வைத்தியரை நாட வேண்டும். நீரைப் பலவந்தமாகப் பருக்குதல் ஆகாது. வாயில் அடைபட்ட பைக்கு அது மேலும் பாரமாகும். கல் நுனியிற் சிக்கியிருப்பின், வைத்தியர் அந்நுனியைத் துண்டித்து வழி திறந்துவிடுவார். உள்வளைவிற் சிக்கியிருப்பின் சத்திர சிகிச்சை தேவைப்படலாம். ஒருமுறை தப்பிய கடாவுக்கும் கல் மீண்டும் வரக்கூடும்.

தடுக்கும் வழி சிகிச்சையினும் எளிது. குழையும் புல்லுமே முதன்மைத் தீனாக இருக்கட்டும். தவிடு துணைத் தீனாக நிற்கட்டும். சீமைக்கிளுவை போன்ற அவரையின மரங்களின் குழையிற் கல்சியம் நிறைய உண்டு. தீனில் பொசுபரசு ஒரு பங்காயின் கல்சியம் 2 பங்காவது இருத்தல் நன்று. சுத்தமான நீர் இரவும் பகலும் எட்டும் இடத்தில் இருத்தல் அவசியம். சிறிது உப்பு வைத்தால் ஆடு மேலும் நீர் குடிக்கும். நலமடிப்பதாயின் குட்டி சில மாதம் வளரும்வரை பொறுத்தல் நலம். சிறுநீரைப் புளிப்பாக்கிக் கல் விளையாமற் காக்கும் அமோனியங் குளோரைட்டு என்னும் உப்பும் உண்டு. அதன் அளவை வைத்தியரே சொல்லுதல் வேண்டும்.

கடாவைக் கொழுக்க வைப்பது தவிட்டுப் பெட்டி. காப்பாற்றுவதோ குழைக்கட்டும் தண்ணீர்ச் சட்டியும். இதனை உணர்ந்து ஊட்டுபவரின் பரிவே ஆட்டுக்கும் வீட்டுக்கும் பயன் தரும்.