துருப்பிடிச்ச ஜீப், 31 மாசம், 5.95 லட்சம்: ஒரு நண்பரோட எக்செல் ஷீட்



"ஒரு லட்சத்துக்கு பழைய ஜீப் வாங்கி, ரெண்டு லட்சம் செலவு பண்ணி ரெடி பண்ணா எட்டு லட்சத்துக்கு விக்கலாம் ப்ரோ. இதுவும் ஒரு இன்வெஸ்ட்மென்ட்தானே?" இந்தக் கேள்வி நமக்கு அடிக்கடி வருது. துருப்பிடிச்ச வண்டி பத்து நிமிஷ வீடியோவுல பளபளன்னு மாறுறதைப் பார்த்தா யாருக்கும் அந்த ஆசை வரும். ஆனா அந்தப் பத்து நிமிஷத்துல பில் மட்டும் வராது.

அதனால, நிஜமாவே ஒரு ஜீப்பை அக்குவேறு ஆணிவேறா பிரிச்சு, சேஸ்லேர்ந்து திரும்பக் கட்டின நம்ம நண்பர் ஒருத்தரோட கணக்கை வாங்கிப் பார்த்தோம். கோயம்புத்தூர்ல ஐடி வேலை, கையில வர்ற சம்பளம் 62,000. சொந்த ஊர் போடிநாயக்கனூர். பேர் வேண்டாம்னு சொல்லிட்டார், ஷீட்டைக் கொடுத்துட்டார்.

போடின்னா ஜீப். ஏலத்தோட்ட வேலைக்கு விடிகாலையில போடிமெட்டு ஏறி இடுக்கி பக்கம் போற ஜீப்புகளைப் பார்த்தே வளர்ந்தவர் அவர். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவுல செஞ்ச வில்லிஸ் ஜீப்பை, சுதந்திரத்துக்கு அப்புறம் இங்கே அசெம்பிள் பண்ண ஆரம்பிச்சது மஹிந்திரா. அந்த வம்சத்துல வந்ததுதான் எம்எம் 540. 2,112 சிசி பியூஜோ டீசல் இன்ஜின், ஃபோர் வீல் டிரைவ், சின்ன உருவம். நண்பர் வாங்கினது 1989 மாடல். ஒரு தோட்டத்து ஷெட்ல, ஈர மண்ணு மேல பல வருஷம் நின்ன வண்டி. விலை 1,45,000. லாரியில ஏத்தி இறக்க 9,000.

முதல்ல பேப்பர், அப்புறம்தான் ஸ்பேனர்

இந்த வேலையில மொத்தக் காசும் ஒரே இடத்துல முழுகிப்போகணும்னா அது இன்ஜின் இல்ல, ஆர்சி. சேஸ்ல குத்தியிருக்கிற நம்பரும் ஆர்சியில இருக்கிற நம்பரும் ஒண்ணா இருக்கணும். துருப்பிடிச்ச வண்டியில அந்த நம்பரே அரிச்சுப் போயிருக்கலாம். அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி, வயர் பிரஷ்ஷால மெதுவா தேய்ச்சு, பேப்பரை வச்சு பென்சிலால அச்சு எடுத்துப் பாருங்க. ஆர்டிஓ ஆபீஸ்ல எடுக்குற அதே பென்சில் அச்சுதான். நம்பர் தெளிவா விழலைன்னா, வண்டி எவ்வளவு அழகா இருந்தாலும் கும்பிட்டுட்டு வந்துடுங்க. நம்பர் இருக்கிற பாகத்தை கிரைண்டர்ல தேய்ச்சுட்டாலோ வெட்டி வேற தகடு ஒட்டிட்டாலோ, சட்டப்படி அது எந்த வண்டின்னு நிரூபிக்கவே முடியாம போயிடும்.

வடக்கேர்ந்து வர்ற ஜீப்புகள்ல இன்னும் கவனம் வேணும். ஹரியானாவுல மண்டி டப்வாலின்னு ஒரு ஊர். ராணுவ ஏலத்துல வர்ற உதிரிகளை வச்சு ஜீப் கட்டுறதுக்குப் பேர்போனது. வண்டி ஜோரா இருக்கும். பேப்பர் எந்த வண்டியோடதுன்னு ரெண்டு தடவை பார்க்கணும்.

இன்னொண்ணு, "இன்ஜினைத் தூக்கிட்டு புது டர்போ போட்டுடலாம்"னு சொல்ற பட்டறைகள் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 அதுக்கு குறுக்க நிக்குது. கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. அனுமதி இல்லாம மாத்தின வண்டியில விபத்து நடந்தா, இன்சூரன்ஸ் கிளெய்ம்ல உங்க பக்கம் பேச ஆள் இருக்காது.

பாடியைத் தூக்கினப்பதான் நிஜ எஸ்டிமேட் வரும்

மெக்கானிக் அண்ணன் முதல் நாள் வண்டியைச் சுத்தி வந்து பார்த்துட்டு சொன்னது, "எல்லாம் சேர்த்து ரெண்டரை லட்சம் ஆகும் தம்பி." அவர் ஏமாத்தல. பாடி மேல உட்கார்ந்திருக்கும்போது அடியில என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

ஜீப்போட சேஸ் ஏணியைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கும். ரெண்டு நீளச் சட்டம், நடுவுல குறுக்குச் சட்டங்கள். துரு வெளியில தெரியுற இடத்துல பெருசா பயமில்ல. ரெண்டு தகடு ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி இருக்கிற இடம், ஸ்பிரிங் மாட்டுற பிராக்கெட், பின்பக்க குறுக்குச் சட்டம், பாடி உட்கார்ற மவுண்ட், இங்கெல்லாம் சேறும் தண்ணியும் தங்கிடும். இரும்பு துருவாகும்போது ஊதும். ரெண்டு தகட்டையும் உள்ளேர்ந்தே நெம்பிப் பிரிச்சிடும். அங்கே பட்டி பூசி பெயிண்ட் அடிச்சு வித்தா, வாங்குறவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

கண்டுபிடிக்க பெரிய மிஷின் எதுவும் வேண்டாம். சின்ன சுத்தியலால சட்டம் முழுக்க தட்டிக்கிட்டே போகணும். நல்ல இரும்பு "டங்"னு பதில் சொல்லும். செத்த இரும்பு "டொக்". அப்புறம் டேப்பால மூலைக்கு மூலை அளக்கணும். ரெண்டு குறுக்களவும் ஒண்ணா இல்லைன்னா சேஸ் கோணியிருக்கு. அப்படியே பாடியை மாட்டினா கதவும் பொருந்தாது, வண்டியும் நேரா ஓடாது. நண்பரோட வண்டியில அளவு சரியா இருந்துச்சு. ஆனா பின்பக்க குறுக்குச் சட்டமும் மூணு ஸ்பிரிங் பிராக்கெட்டும் "டொக்". வெட்டி எடுத்து புதுசா வெல்டிங்.

அதுக்கப்புறம் சேண்ட் பிளாஸ்டிங். காத்தோட அழுத்தத்துல மணல் துகளை அடிச்சு துருவையும் பழைய பெயிண்டையும் உரிக்கிற வேலை. கனமான சேஸுக்கு இது சரி. மெல்லிசான பாடித் தகட்டுல ஓங்கி அடிச்சா தகடு நெளிஞ்சிடும். உரிச்ச வெறும் இரும்பு காத்துல ஈரம் பட்டாலே திரும்ப செம்பட்டையாகும், அதனால அன்னைக்கே எபாக்ஸி பிரைமர் போட்டாகணும். சேஸ் வேலை மட்டும் 48,000.

மத்ததை வேகமா சொல்லிடறேன். ஆக்சில், பிரேக், ஸ்டீயரிங், லீஃப் ஸ்பிரிங்: 82,000. இன்ஜின் லேத் வேலையும் டீசல் பம்ப் சர்வீஸும் சேர்த்து 96,000. பாடி டிங்கரிங் 85,000. பெயிண்ட் 40,000. ஒயரிங், சீட் 31,000. ஸ்டெப்னியோட சேர்த்து அஞ்சு டயர் 32,000. பேப்பர் வேலையும் இன்சூரன்ஸும் 27,000.

பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் பெயிண்டைவிட ரெண்டு மடங்கு போயிருக்கு, கவனிச்சீங்களா? சரியான வரிசை அதுதான். முதல் மாசமே பெரிய டயரும் எல்இடி பாரும் வாங்கி வச்சுட்டு, பிரேக் சிலிண்டருக்குக் காசில்லாம நிக்கிற வண்டிகளை நானே பார்த்திருக்கேன்.

மொத்தம் 5,95,000. வண்டி விலையைக் கழிச்சா செலவு 4,50,000. முதல் எஸ்டிமேட்டைவிட 80 சதவீதம் அதிகம். (கோயம்புத்தூர்–போடி பஸ் டிக்கெட் இதுல இல்ல. "அதை ஏன் சேர்க்கல?"ன்னு கேட்டேன். சிரிச்சார்.)

அந்த நாலு மாசம்

இந்த ஷீட்ல எனக்குப் பிடிச்ச பகுதி, எதுவுமே எழுதாத நாலு வரி.

2023 பிப்ரவரியில வண்டி வாங்கின கையோட, அவரோட மொபைலுக்கு ஒரு பர்சனல் லோன் ஆஃபர் வந்துச்சு. 4 லட்சம், 14 சதவீத வட்டி, 3 வருஷம், ஒரே கிளிக். இஎம்ஐ சுமார் 13,670. மொத்த வட்டி ஏறக்குறைய 92,000. அவர் எடுக்கல. போனஸை ஜீப்புக்குன்னு ஒரு தனி அக்கவுண்ட்ல போட்டு, மாசாமாசமும் அதுலயே ஒரு தொகையை ஒதுக்கினார். அதுல எவ்வளவு இருக்கோ அவ்வளவுக்கு மட்டும்தான் வேலை. சேஸ் முடிஞ்சா நிறுத்து. காசு சேர்ந்தா ஆக்சில். திரும்ப நிறுத்து.

14வது மாசம் ப்ராஜெக்ட் முடிஞ்சு வேலை போச்சு. அடுத்த வேலை கிடைக்க நாலு மாசம். அந்த நாலு மாசமும் பிரைமர் அடிச்ச சேஸ் சித்தப்பா வீட்டுக்குப் பின்னாடி தார்ப்பாய்க்குள்ள சும்மா படுத்திருந்துச்சு. சோறு கேட்கல, வட்டி கேட்கல. லோன் எடுத்திருந்தா அந்த நாலு மாசத்துல கிட்டத்தட்ட 54,700 ரூபாய் கட்டியிருக்கணும், சம்பளமே இல்லாம. கட்ட முடியாம போயிருந்தா சிபில் ஸ்கோர் அடிவாங்கும். பாதி பிரிச்ச ஜீப்பை அவசரத்துக்கு வித்தா இரும்புக்கடை விலைதான் கேட்பாங்க. லோன் பணம் ஒரே நாள்ல வந்துடும், வேலை நடக்குறது வருஷக்கணக்குல. ரெண்டுக்கும் நடுவுல நீங்க வட்டி கட்டிக்கிட்டே நிக்கணும்.

மெதுவா போனதுக்கு ஒரு விலையும் இருந்துச்சு. தனியார் வண்டிக்கு ஆர்சி முதல்ல 15 வருஷம், அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை புதுப்பிக்கணும். அவர் ஆர்சி 2024 நவம்பர்ல முடிஞ்சப்போ ஜீப் துண்டு துண்டா கிடந்துச்சு. ஃபிட்னஸ் காட்ட வண்டியே இல்ல. 2022 ஏப்ரல்லேர்ந்து இருக்கிற விதிப்படி தாமதத்துக்கு மாசம் 500 ரூபாய். அதோட 2025 ஆகஸ்ட்ல வந்த அறிவிப்பு, 20 வருஷம் தாண்டின கார், ஜீப்புக்கு புதுப்பிக்கிற கட்டணத்தை 5,000லேர்ந்து 10,000 ஆக்கிடுச்சு. அவர் செப்டம்பர்ல போய் நின்னார்! பசுமை வரி தனி. 1,500 சிசிக்கு மேல இருக்கிறதால மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் 7,897 ரூபாய், ஜிஎஸ்டி தனி.

சரி, லாபமா நஷ்டமா?

வண்டியைப் பார்த்துட்டு ஒருத்தர் 4.5 லட்சம் தர்றேன்னு சொல்லியிருக்கார். அதாவது கைக்காசுல 1.45 லட்சம் குறைவு. அதே 1.45 லட்சத்தை முதல்லயும், மீதி 4.5 லட்சத்தை 31 மாசம் சராசரியா பிரிச்சு எஸ்ஐபியாவும் போட்டிருந்தா, வருஷம் 12 சதவீதம் கிடைச்சிருக்கும்னு வச்சுக்கிட்டா, சுமார் 7.25 லட்சம் வந்திருக்கும். 12 சதவீதத்துக்கு யாரும் உத்தரவாதம் தரமாட்டாங்க, ஆனாலும் வித்தியாசம் உங்களுக்கே தெரியுது.

"வின்டேஜ் ஆனா விலை ஏறும்ல?"ன்னு கேட்பீங்க. 2021 ஜூலையில வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவுலேர்ந்து 50 வருஷம் தாண்டி, சேஸ், பாடி, இன்ஜின் பெருசா மாத்தாம இருந்தாத்தான் வின்டேஜ். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனா கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பண்ண, இதுக்கெல்லாம்தான் ரோட்டுல எடுக்கலாம். தினம் ஆபீஸ் போக முடியாது. 1989 ஜீப்புக்கு அந்த வயசு வர 2039 ஆகணும். உண்மையான போர்க்கால வில்லிஸ், ஒரிஜினல் நம்பர், சுத்தமான பேப்பர்னா கதை வேற. அது நம்ம பட்ஜெட்ல வர்ற சமாச்சாரம் இல்ல.

ஆக இன்வெஸ்ட்மென்ட் காலத்துல இதைப் போடாதீங்க. ஆனா பொழுதுபோக்கு காலத்துல போட்டா, அந்த 1.45 லட்சம் 31 மாசத்துக்கு மாசம் 4,700 ரூபாய் மாதிரி. எமர்ஜென்சி ஃபண்ட், டெர்ம் இன்சூரன்ஸ், எஸ்ஐபி எல்லாம் நடந்துக்கிட்டு இருக்கும்போது, வெல்டிங் பிடிக்கக் கத்துக்கிட்ட ஒருத்தர் அந்த செலவைப் பண்றதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. வார இறுதி மால்ல போற காசைவிட இது மேல்னுகூட சொல்லுவேன், அது என் சொந்தக் கருத்து.

நீங்க ஆரம்பிக்கப் போறீங்கன்னா, மெக்கானிக் சொல்ற தொகையை ரெண்டால பெருக்கி எழுதி வைங்க. பாடியைத் தூக்கி சேஸைத் தட்டிப் பார்க்குற வரைக்கும் ஒரு உதிரி பாகம்கூட ஆர்டர் போடாதீங்க. ஆர்சி முடியுற தேதியை காலண்டர்ல குறிச்சு வைங்க.

நண்பர் 4.5 லட்சத்துக்குத் தரமாட்டேன்னு சொல்லிட்டார். ஷீட்ல கடைசியா ஒரு வரி இன்னும் காலியா இருக்கு: மேல போடுற ஹூட், 18,000. இப்போதைக்கு மழை வந்தா நனைஞ்சுக்கிட்டேதான் ஓட்டுறார். அடுத்த போனஸ் வரட்டும்னு இருக்கார்.