அச்சு முனை மரை கெட்டால் என்ன செய்வது?

கரும்பு வெட்டுக்கும் நெல் அறுவடைக்கும் முன்பாக மாட்டுக்கு லாடம் பார்க்கிறோம். டயருக்குக் காற்றுப் பார்க்கிறோம். ஆனால் சக்கரத்தை அச்சோடு பிடித்து வைத்திருக்கும் நட்டைக் கழற்றிப் பார்ப்பவர்கள் குறைவு. டயர் மாட்டு வண்டியானாலும் டிராக்டர் டிரெய்லரானாலும், சக்கரம் கழன்று ஓடாமல் காப்பது அச்சு முனையில் விரலகலத்துக்கு வெட்டப்பட்டுள்ள மரையே ஆகும்.

சில ஆண்டுகளுக்கு முன் கரும்புப் பருவத்தில் வாய்க்கால் கரையோரம் ஒரு டிரெய்லர் சாய்ந்து கிடக்கக் கண்டேன். மரை தேய்ந்து நட்டு பிடிக்காததால் சணலைச் சுற்றி நட்டை ஏற்றி, மேலே கட்டுக் கம்பியால் கட்டியிருந்தார்கள். சுமையின் மேல் எவரும் உட்கார்ந்திராதது நல்ல காலம். வெட்டிய கரும்பு இரண்டு நாள் வெயிலில் காய்ந்து, எடையும் சர்க்கரைச் சத்தும் குறைந்தன. நேரத்தோடு கவனித்திருந்தால் அரை நாள் வேலையில் சரி செய்திருக்கலாம்.

மரை ஏன் கெடுகிறது?

முதல் காரணம் துரு. சேற்றில் இறங்கும் வண்டி, குடத்து மூடி இல்லாமல் ஓடும் வண்டி, உரம் ஏற்றிய பின் கழுவாமல் நிறுத்தும் வண்டி ஆகியவற்றில் துரு விரைவில் ஏறும். மியூரியேட் ஆப் பொட்டாஷ் உரத்திலுள்ள குளோரைடு, ஈரத்துடன் சேர்ந்தால் இரும்பை அரிக்கும். துரு, தான் உண்டான இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக் கொள்வதால் நட்டு இறுகிவிடுகிறது.

இரண்டாவது காரணம், நட்டைக் கோணலாக ஏற்றி முறுக்குவது. மூன்றாவது சுத்தியல். குடம் கழலவில்லை என்று அச்சு முனையில் நேராக அடித்தால் முதல் 2, 3 மரைகள் நசுங்கிவிடும். இளம் வயதில் என் தந்தையாரின் டயர் வண்டியில் நானே இப்படி அடித்து மரையைக் கெடுத்திருக்கிறேன். அடித்தே ஆகவேண்டும் என்றால், நட்டை அச்சு முனையோடு சமமாக ஏற்றி, மேலே மரக்கட்டை வைத்து அடிக்க வேண்டும்.

இறுகிய நட்டைக் கழற்றுதல்

சுமையை இறக்கி, மாடுகளை அவிழ்த்துவிட்டு, மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் அச்சின் கீழ் கெட்டியான மரக்கட்டை கொடுக்க வேண்டும். காட்டர் பின்னை எடுத்துவிட்டு, கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, மண்ணெண்ணெயும் என்ஜின் எண்ணெயும் கலந்து ஊற்றி ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் நட்டைச் சிறிது தளர்த்தி, சிறிது இறுக்கி, மீண்டும் எண்ணெய் விட்டுக் கழற்றுங்கள். சில வண்டிகளில் இடப்பக்க அச்சில் இடது மரை இருக்கும்; திருப்பும் திசையை முதலில் உறுதி செய்து கொள்வது நலம்.

அப்படியும் வரவில்லை என்றால் நட்டின் ஒரு பக்கத்தை ரம்பத்தால் அறுத்து, மரையைத் தொடும் முன் நிறுத்தி, உளியால் பிளந்து எடுக்கலாம். நட்டின் விலை சிறிது; அச்சின் விலை பெரிது.

சீர் செய்யும் முறை

முனையில் சில மரைகள் மட்டும் நசுங்கி, உள்பக்க மரைகள் நன்றாக இருந்தால் எளிதில் சீர் செய்யலாம். அதே அளவுள்ள நல்ல நட்டு ஒன்றை ரம்பத்தால் இரண்டு பாதியாக அறுத்துக் கொள்ளுங்கள். இரு பாதிகளையும் உள்பக்கத்து நல்ல மரையின் மேல் பொருத்தி, பைப் ரெஞ்சால் இறுகப் பிடித்து, எண்ணெய் விட்டு வெளிப்பக்கமாகத் திருப்பிக் கொண்டு வாருங்கள். நல்ல மரையே வழிகாட்டி, நசுங்கிய மரையை நிமிர்த்திவிடும். பாதி சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று மெதுவாகத் திருப்ப வேண்டும்.

பிசிறுகளை முக்கோண அரத்தால் எடுக்கலாம். இந்த அரத்தின் முனைக் கோணமும் மெட்ரிக் மரையின் கோணமும் 60 டிகிரி. பழைய விட்வொர்த் அங்குல மரையின் கோணம் 55 டிகிரி. ஆகவே பள்ளத்தின் அடியை ஆழப்படுத்தாமல், பக்கங்களை மட்டும் லேசாகத் தேய்க்க வேண்டும்.

லேத் பட்டறையில் டை போட்டுச் சரி செய்வதானால் பழைய நட்டையும் கொண்டு செல்லுங்கள். 10 மரைகளின் நீளம் 20 மில்லிமீட்டர் என்றால் மரை இடைவெளி 2 மில்லிமீட்டர். அங்குல மரையானால் ஓர் அங்குலத்தில் எத்தனை மரை என்று எண்ண வேண்டும். அளவு தவறிய டை, மிஞ்சிய மரையையும் அழித்துவிடும்.

எப்போது கைவிட வேண்டும்?

புதிய நட்டு கையாலேயே கடைசி வரை ஏறி, ஆடாமல் நின்றால் மரை தேறியது. ஆடினாலோ, இறுக்கும்போது வழுக்கினாலோ அந்த அச்சை நம்பாதீர்கள். போதிய கனம் இருந்தால் லேத்தில் கடைந்து, சிறிய அளவு மரை வெட்டி, அதற்கேற்ற நட்டுப் போடலாமா என்று அனுபவமுள்ள கடைசல்காரரிடம் கேளுங்கள்.

வெல்டிங் வைத்து நிரப்பி மரை வெட்டுவது பலர் கேட்கும் வழி. அச்சு எஃகைச் சூடேற்றாமல் வெல்டிங் செய்து உடனே ஆறவிட்டால், வெல்டிங் ஓரம் நொறுங்கும் தன்மை அடைந்து, சுமையில் முறிந்துவிடும். பாரம் ஏற்றும் டிரெய்லருக்கு அச்சையே மாற்றுவதுதான் பாதுகாப்பு. நட்டை அச்சோடு வெல்டிங் செய்துவிடுவதும் தவறு. பிறகு பேரிங்குக்குக் கிரீஸ் வைக்க வழியில்லை.

திரும்பப் பூட்டும்போது

மரையிலும் பேரிங்கிலும் புதிய கிரீஸ் தடவுங்கள். சக்கரத்தைச் சுற்றிக் கொண்டே நட்டை இறுக்கி, சுழற்சி தடைப்படும் இடத்திலிருந்து சற்றுத் தளர்த்தி, காட்டர் பின் துளைக்கு நேராக நிறுத்துங்கள். சக்கரம் தாராளமாகச் சுழல வேண்டும், பக்கவாட்டில் ஆடக்கூடாது. ஆணியோ கம்பியோ வேண்டாம். புதிய காட்டர் பின்னே போடுங்கள். குடத்து மூடியைத் தவறாமல் மாட்டுங்கள். முதல் நடை முடிந்ததும் குடத்தைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் நட்டு அதிகம் இறுகியுள்ளது என்று பொருள்.

ஒவ்வொரு அறுவடைக்கு முன்பும் ஒரு முறை நட்டைக் கழற்றித் துடைத்துக் கிரீஸ் வைப்பதற்குச் சிறிது நேரமே ஆகும். விளைந்த பொருளும், வண்டி ஓட்டிச் செல்லும் பிள்ளையும் பத்திரமாக வீடு வந்து சேர, உழவர் பெருமக்கள் இந்தச் சிறு வேலையை வழக்கமாக்கிக் கொள்ள வேண்டும்.