மாமூல் என்னும் சொல்

பெங்களூரிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை அத்திப்பள்ளியைக் கடந்து ஜூஜூவாடியில் தமிழ்நாட்டு மண்ணைத் தொடும் இடத்தில், சிப்காட் ஆலைகளுக்குச் சரக்கேற்றி வரும் லாரிகளும், ஓசூர் ரோஜாவையும் காய்கறியையும் வடக்கே கொண்டுபோகும் வண்டிகளும் இரவுபகலாக ஊர்ந்து செல்கையில், ஓட்டுநர்களின் சம்பாஷணையில் காதில் விழும் சொல் ஒன்று உண்டு: மாமூல். அரபியில் பிறந்து உருது வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த அச்சொல்லுக்கு 'வழக்கமானது' என்பதே அர்த்தம். லஞ்சம் என்றால் குற்றம் நினைவுக்கு வரும். மாமூல் என்றாலோ, பண்டிகைக்குத் துணி எடுப்பதுபோல் அதுவும் ஒரு சம்பிரதாயமாகிவிடுகிறது. வியாதியைக் காட்டிலும் அதற்கு நாம் சூட்டிய இந்தச் சாதுவான பெயரே எனக்கு அதிக வேதனை தருகிறது.

மாமூல் வாங்கும் காக்கிச் சட்டையை நாம் பார்க்கும் பார்வை மாறியதைத் திரையிலேயே காணலாம். 1974-இல் வந்த 'தங்கப்பதக்க'த்தில், பெற்ற மகனென்றும் பாராமல் சட்டத்தின் பக்கம் நின்ற காவல் அதிகாரியாகச் சிவாஜி கணேசனைக் கண்டு கண்ணீர் விட்ட நாம், 2003-இல் 'சாமி'யின் கதாநாயகனான காவல் அதிகாரி தொடக்கத்திலேயே பகைவனிடம் பணம் பெற்றபோது, அதையும் அவனுடைய சாமர்த்தியமாக எடுத்துக்கொண்டு கரகோஷம் செய்தோம். இவற்றினும் மேலாக நான் மதிப்பது வெற்றிமாறனின் 'விசாரணை'யையே. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், குண்டூர்க் காவலில் தாம் பட்ட கொடுமையை எழுதிய 'லாக்கப்' நூலிலிருந்து எழுந்த அப்படத்தில் தனியொரு வில்லன் இல்லை. மேலிடத்து உத்தரவை அன்றாட அலுவலாகச் செய்து முடிக்கும் மனிதர்களே நிறைந்திருக்கிறார்கள்.

நியூயார்க்கில் பிராங்க் செர்பிகோ என்ற காவலர் தம் சகாக்களின் ஊழலை, அதை விசாரித்த நாப் ஆணையத்தின் முன் 1971-இல் சாட்சியமாகச் சொன்னார்; அவர் கதை 1973-இல் அல் பசினோ நடிக்கப் படமாயிற்று. அவ்வாணையம் ஊழல் காவலர்களைப் புல் மேய்பவர், மாமிசம் தின்பவர் என இரு வகையாகப் பிரித்து, தேடி வேட்டையாடும் சிலரைவிட, வந்ததை வாங்கிக்கொள்ளும் பலரே ஊழலுக்குக் கௌரவத்தை அளிக்கிறார்கள் என்று முடிவு கூறியது. நம் மாமூலின் ஸ்வரூபத்தை இதைவிடத் துல்லியமாக எவரும் விளக்கியதில்லை.

தமிழ்நாட்டில் 2013-இல் தடை செய்யப்பட்ட குட்காவை எடுத்துக்கொள்வோம். ஓசூர் வழியே கடத்தி வரப்பட்டுப் பிடிபடும் மூட்டைகளைப் பற்றிய செய்தி இப்பகுதியில் ஓய்ந்தபாடில்லை. சென்னையிலோ, ஒரு குட்கா கிடங்கில் 2016-இல் வருமான வரித் துறை கைப்பற்றிய குறிப்புகளில் காவல் உயரதிகாரிகளுக்குப் பணம் தந்த விவரம் இருந்ததாகக் கூறப்பட்டு, உயர் நீதிமன்ற ஆணையின்படி வழக்கை ஏற்ற சி.பி.ஐ., 2018 செப்டம்பரில் அப்போதைய காவல் துறைத் தலைவரின் இல்லத்திலேயே சோதனை நடத்தியது. குற்றம் உண்டா இல்லையா என்பதை நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும். ஆயினும், தடுக்க வேண்டிய இலாகாவின் உச்சி வரை சந்தேகம் ஏறியது சாமானிய விஷயமன்று.

மாமூல் வாங்குபவரைப் பிடிக்க, லஞ்ச ஒழிப்புத் துறையினர் பினாப்தலீன் பொடி தடவிய நோட்டுகளைப் புகார்தாரரிடம் கொடுத்தனுப்புகிறார்கள். அவற்றை வாங்கிய கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவினால் நீர் இளஞ்சிவப்பாகிறது. ஆனால் யாரேனும் ஒருவர் புகார் கொடுத்தாலன்றி அந்தப் பொடிக்கு வேலையே இல்லை. வாங்கியவருக்கு மூன்று முதல் ஏழாண்டுச் சிறை விதிக்கும் ஊழல் தடுப்புச் சட்டம், 2018 திருத்தத்துக்குப் பின் கொடுத்தவரையும் தண்டிக்கிறது. எனினும், நிர்ப்பந்தத்தால் கொடுத்தவர் ஏழு நாள்களுக்குள் காவல் அல்லது புலனாய்வு அமைப்பிடம் அதைத் தெரிவித்துவிட்டால் அவர்மீது குற்றமில்லை. ஜூஜூவாடியைக் கடக்கும் ஒவ்வோர் ஓட்டுநரும் இந்த ஏழு நாள் கணக்கை அறிந்திருக்க வேண்டும். அறிந்தவர்கள் அவர்களுக்குச் சொல்லுங்கள்.